மைக்கம்மாவும் மெமோவில் வந்த வார்த்தையும்

எல்லாரும் எப்படி இருக்கீங்க? சளி, இருமல், முட்டி வலி எல்லாம் கொஞ்சம் அடங்கியிருக்கா? காலை நீட்டிச் சௌகரியமா உட்காருங்க, ஒரு கதை சொல்றேன்.

ரயில் நிலையத்தில் மைக்கில் வண்டி அறிவிக்கிறவள் அவள். போர்ட்டர்கள் வைத்த பெயர் மைக்கம்மா. ஒரு கண்ணாடி அறை, ஒரு நாற்காலி, கழுத்தை நீட்டி நிற்கும் ஒரு மைக். அங்கே போய் உட்கார்ந்துவிட்டால் அவளுக்குத் தலைவலிகூட மறந்துபோகும்.

ஒரு நாள் காலையில் ஒரு பெரியவர் மூச்சு வாங்க வந்து கண்ணாடியைத் தட்டினார். ஊருக்குக் கிளம்பிய மகள் மாத்திரைப் பையை வீட்டிலேயே விட்டுவிட்டாள். வண்டி புறப்படப் போகிறது. படியேற அவருக்குக் கால் ஒத்துழைக்கவில்லை. மைக்கம்மா பட்டென்று மைக்கைப் பிடித்தாள்.

"மூணாவது பிளாட்ஃபார்ம்ல பச்சைச் சட்டை போட்ட பொண்ணே! மாத்திரையை மறந்துட்டியாம்மா. அப்பா வாசல்ல நிக்கிறார், ஓடி வா!"

அந்தப் பெண் வந்தாள். அவளோடு, பச்சையாக எதையோ போட்டிருந்த பாதி நிலையமும் வந்தது. வண்டி தாமதமாகத்தான் கிளம்பியது.

மறுநாள் மேலதிகாரியிடமிருந்து விளக்கம் கேட்டு மெமோ. அவள் செய்கையைப் பற்றி ஆங்கிலத்தில் நீளமாக ஒரு வார்த்தை: அன்பிரிசிடென்டட். வீட்டுக்குக் கொண்டுவந்து நாத்தனாரிடம் நீட்டினாள். நாத்தனார் டியூஷன் சென்டரில் ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பவள்.

"என்னடி இது, திட்டா?"

"திட்டும் இல்ல, பாராட்டும் இல்ல அண்ணி. இதுக்கு முன்னாடி இப்படி நடந்ததே இல்லைன்னு அர்த்தம். பேய் மழைக்குப் போடலாம், பெரிய வெற்றிக்குப் போடலாம். நீங்க ஒரு நாள் சொன்ன நேரத்துக்குக் கிளம்பினா அதுக்கும் தாராளமா போடலாம்."

"வாய்க்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல."

"ஆனா ஒண்ணு. முன்னாடி ஒரே ஒரு தடவை நடந்திருந்தாக்கூட இந்த வார்த்தை நிக்காது. ஒரு ஆளைக் காட்டிடுங்க, மெமோ புஸ்ஸுன்னு போயிடும்."

மைக்கம்மாவுக்குத் தெரிந்தே அப்படி ஓர் ஆள் இருந்தாள். மாலை ஷிப்டுக்காரி. போன மழைக்காலத்தில், ஆளில்லாத பிளாட்ஃபார்மில் நடந்துபோன தன் கணவனைப் பார்த்து, "ஏங்க, உங்களைத்தான்! குடையை எடுத்துட்டுப் போங்க" என்று மைக்கிலேயே சொன்னவள். அவள் ஒப்பந்தத்தில் இருப்பவள். அதைப் புதுப்பிக்கும் நேரம் இது. அவள் பெயரைச் சொன்னால் தன் நாற்காலி தப்பும், அவள் பிழைப்புப் போய்விடும். நாத்தனாரிடம் இதைச் சொன்னாள்.

"சொல்லிடுங்க அண்ணி, உங்க தலை தப்பிக்கும்."

"அவ தலை உருளுமேடி."

விசாரணையில் மேலதிகாரி கடுகடுவென்று இல்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு தன்மையாகத்தான் கேட்டார்.

"இதுக்கு முன்னாடி யாராவது இப்படிப் பண்ணியிருந்தா சொல்லுங்கம்மா. அந்த வார்த்தையை அடிச்சுட்டு, ஒரு எச்சரிக்கையோட விட்டுடறேன்."

பெயர் தொண்டைக்குழி வரைக்கும் வந்தது. மைக்கம்மா எச்சிலோடு சேர்த்து விழுங்கினாள்.

"இல்ல சார். நீங்க எழுதின வார்த்தை சரிதான். நான்தான் முதல் ஆள்."

அவளைப் பார்சல் அறைக்கு மாற்றினார்கள். அட்டைப் பெட்டி, பசை, தூசி. பேச்சுத் துணைக்கு ஒரு எடை மெஷின். அன்று சாயங்காலம் மாலை ஷிப்டுக்காரி விஷயம் கேள்விப்பட்டுப் புயல் மாதிரி உள்ளே வந்தாள். கண் சிவந்திருந்தது.

"ஏன்க்கா என் பேரைச் சொல்லலை? பெரிய தியாகின்னு நினைப்பா?"

"தியாகமாவது, மண்ணாவது! உன்னை மாட்டிவிட்டிருந்தா உன் வேலை போயிருக்கும். அப்புறம் சாயங்கால வண்டி வர்றதை யாரு சொல்லுவா, எடை மெஷினா?"

மாலை ஷிப்டுக்காரி சிரிக்கப் பார்த்தாள், அழுகைதான் வந்தது. மைக்கம்மா அவள் தோளைப் பிடித்து வாசல் பக்கம் திருப்பினாள்.

"மூக்கைச் சிந்திட்டுப் போ. மூக்கடைச்ச குரல்ல சொன்னா எந்த ஊர் வண்டின்னே ஜனங்களுக்குப் புரியாது."

அவ்வளவுதான் கதை. உங்க ஆபீஸ்லயோ வீட்டுலயோ, யாருமே செய்யாததை முதல்ல செஞ்சுட்டு மாட்டிக்கிட்டீங்களா? என்ன செஞ்சீங்க, என்ன பேர் கிடைச்சுதுன்னு ரெண்டு வரி எழுதிப் போடுங்க. நான் ஒண்ணு விடாம படிப்பேன்.