தலையோடு ஒரு படம்

1

இந்தக் கதை பிறந்தது கழுத்து வலியில். என் கழுத்துதான். பயணத்துக்கு எந்த கேமரா வாங்கலாம் என்று ஒரு பத்திரிகைக்குக் கட்டுரை எழுத ஒப்புக்கொண்டு, பெரிய கேமரா ஒன்றை நாள் முழுக்கக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிந்தேன். மறுநாள் தலையைத் திருப்ப முடியவில்லை. கல்லுடைக்கிறவர்கள் நடுவில் வளர்ந்தவன் நான். இந்த வலியை வெளியே சொன்னால் என் வீட்டிலேயே சிரிப்பார்கள். ஆகவே, சட்டைப்பையில் அடங்குகிற மெல்லிய கேமராவே உத்தமம் என்று முதல் வரியை எழுதினேன். இரண்டாம் வரியில், சொல்லாமல் கொள்ளாமல், ஒரு கொத்தனாரும் அவர் மனைவியும் உள்ளே நுழைந்தார்கள். அதோடு கட்டுரை கெட்டது.

2

தொடக்கம், முதல் முயற்சி: ‘நீலக் கடல் தாலாட்ட, அவர்கள் இருவரும்...’

வேண்டாம். இருவரும் இன்னும் கடலையே பார்க்கவில்லை.

இரண்டாம் முயற்சி: ‘அவளுக்கு ஒரே ஒரு கனவு...’

இதுவும் வேண்டாம். படுத்தால் கட்டை மாதிரி தூங்குகிறவளுக்குக் கனவு ஏது? அவளிடம் இருந்தது ஒரு கோரிக்கை.

நேராகவே சொல்லிவிடுகிறேன். கொத்தனார் சுவர் எழுப்புகிறார். மனைவி அவருக்கே சித்தாள். சாந்துச் சட்டியைத் தலையில் வைத்துச் சாரம் ஏறுகிறாள். வேலை நடக்கும்போது இஞ்சினியர் வந்து சுவரைப் படம் எடுப்பார். ஓரத்தில் இவளும் விழுந்திருப்பாள், சட்டியோடு. கல்யாணத்துக்குப் பிறகு அவளுக்கு வாய்த்த படங்கள் இவ்வளவே. இப்போது ஒரு வீடு முடிந்து, அடுத்தது இன்னும் தொடங்கவில்லை. அந்த இடைவெளியில் இருவரும் முதன்முறையாகக் கடற்கரை பார்க்கப் போகிறார்கள். அவள் கேட்டது இதுதான்:

“தலையில சட்டி இல்லாம எனக்கு ஒரு படம் வேணும். அது போதும்.”

3

போனிலேயே எடுக்கலாமே என்பீர்கள். (நானும் சொன்னேன். கொத்தனார் முறைத்தார்.) சிமென்ட் தின்று காய்த்த விரல் அவருடையது. போன் திரை அதை விரல் என்றே ஒத்துக்கொள்வதில்லை. அமுக்கினால் அமுங்குகிற பொத்தான்தான் அவருக்குச் சரிப்படும்.

கடையில் விற்பனைப் பெண் ஒவ்வொரு கேமராவாக எடுத்துவைத்து, அதன் பெருமைகளை மூச்சுவிடாமல் ஒப்பித்தாள். கொத்தனார் ஒவ்வொன்றையும் செங்கல்லைப் போலக் கையில் எடை பார்த்தார். சட்டைப்பையில் போட்டுக் குனிந்து நிமிர்ந்தார். சில கேமராக்கள் துருத்தின, சில சட்டையையே கீழே இழுத்தன. கடைசியாக வந்த மெலிந்த ஒன்று, இருக்கிற இடம் தெரியாமல் பைக்குள் இருந்துகொண்டது. அதன் திரையின் குறுக்கே ஒரு கோடு. கை சாய்ந்தால் மஞ்சள், நேரானால் பச்சை.

அது என்ன என்று கேட்டார். படம் கோணாமல் வருவதற்கு மட்டம் காட்டும் கோடு என்றாள்.

கொத்தனார் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். “உள்ளயே ரசமட்டம் வச்சிருக்கான்.”*

அந்தப் பெண் எதையும் இவ்வளவு சுலபமாக விற்றதில்லை. ஆளையும் எடுக்குமா என்று மனைவி கேட்டது யார் காதிலும் விழவில்லை.

* ரசமட்டம்: சுவரில் வைத்து மட்டம் பார்க்கும் கருவி. அதன் குமிழி நடுவில் நின்றால்தான் கொத்தனாருக்குச் சோறு இறங்கும்.

4

இங்கே நான் கடலை வருணிக்க வேண்டும். கடல் இருந்தது. அலை அடித்தது.

கலங்கரை விளக்கத்தின் அடியில், புதுத் துணி உடுத்தி அவள் நின்றாள். அந்தி வெயில் அவள் முகத்தில்... (முகத்தை இப்போதைக்கு விடுங்கள். அதில்தான் சிக்கலே.)

எந்தக் கட்டடத்தையும் அடியிலிருந்து பார்ப்பதுதான் கொத்தனாரின் வழக்கம். அடிவரிசைக் கல்லின் விளிம்பைப் பச்சைக் கோட்டில் கொண்டுவந்து உட்காரவைத்தார். அமுக்கினார். இடம் மாற்றி நிற்கச் சொன்னார். மறுபடி அடிவரிசை, மறுபடி பச்சை. கட்டினவன் கெட்டிக்காரன் என்று நடுநடுவே பாராட்டினார்.

இந்த இடத்தில் எனக்கே அவர்மேல் சந்தேகம் வந்தது. எதிரே நிற்கிற மனைவியைப் பார்க்காமல் கோட்டையே பார்த்துக்கொண்டிருக்கிற மனிதன் உலகத்தில் உண்டா? இந்தப் பத்தியைத் திருத்தி முடித்து நிமிர்ந்தால், மேசைமேல் டீ ஆடை கட்டிக் கிடந்தது. யார் எப்போது வைத்தார்களோ தெரியாது. உண்டு.

5

பஸ் நிலையத்தில் அவள் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். கல்வரிசைகள் நூல் பிடித்தாற்போல இருந்தன. நடுவில் அவள் செருப்பு, புதுத் துணி, இடுப்பு, தோள். அதற்குமேல் ஒன்றுமில்லை. எல்லாவற்றிலும் அப்படியே.

“சட்டி இல்லாம எடுங்கன்னேன். தலையே இல்லாம எடுத்திருக்கீங்க.”

பக்கத்து இருக்கைக்காரர் பொட்டலத்தைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். கொத்தனாரும் சிரித்தார். அவளும்தான். ஆனால் சிரித்து முடித்தபின் மறுபடி முதல் படத்திலிருந்து பார்க்கத் தொடங்கினாள், எதிலாவது இருக்குமோ என்று. அதைப் பார்த்ததும் கொத்தனாருக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. எழுந்து, அவளை டிக்கெட் கவுண்டர் சுவரோரம் நிற்கச் சொன்னார்.

“கோட்டைப் பாக்காதீங்க. என்னைப் பாருங்க.”

பார்த்தார். அமுக்கினார். சுவர் கோணல், ஆனால் தலை இருந்தது, முகம் இருந்தது, சிரிப்பும் இருந்தது. அவளுடைய வலது கை மட்டும் தன்பாட்டில் மேலே போய், இல்லாத சட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தது.

அவள் அதை வெகுநேரம் பார்த்தாள். “சட்டி இல்லதான். கைக்குத்தான் அது தெரியல. இது கணக்குல சேராது.”

அதற்குள் பஸ் வந்துவிட்டது.

6

முடிவு ஒன்று: பஸ் பஞ்சராகிறது, இன்னொரு படம் எடுக்கிறார்கள், கை கீழே. நான் பார்த்தவரை, பஸ் இவ்வளவு தோதாகப் பஞ்சரானதில்லை.

முடிவு இரண்டு: கை தூக்கிய படத்தையே சட்டம் போட்டு மாட்டுகிறார்கள், பார்க்கிறவர்கள் கண் கலங்குகிறார்கள். பத்திரிகைக்கு இது பிடிக்கும். அவளுக்குப் பிடிக்காது. அவள் கேட்டது படம், ஊரார் கண்ணீர் இல்லை.

மூன்றாவதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். என்னிடம் இருப்பதைத் தந்துவிடுகிறேன்: புது வீட்டு வேலை தொடங்கிவிட்டது. கொத்தனாரின் சட்டைப்பையில் கேமரா, சார்ஜ் ஏற்றித் தயாராக. சட்டியைக் கைமாற்றும்போதெல்லாம் அவள் “என் படம்?” என்கிறாள். அவர் சுவரைப் பார்த்தபடி “வருது, வருது” என்கிறார். கீழே கலவை போடுகிறவர்கள்கூட இப்போது அதையே கேட்டுச் சிரிக்கிறார்கள்.

கொத்தனார் தன் மனைவிக்குத் தர வேண்டியது: படம் ஒன்று. தலையோடு, சட்டி இல்லாமல், இரண்டு கையும் கீழே. இன்னும் தரவில்லை.