மூன்றாவது குண்டு

இலக்குத் தாளில் விழுந்திருந்த மூன்று ஓட்டைகளையும் பசை தடவிய காகிதத் துண்டுகளால் அடைத்துவிட்டு, சத்தியநாதன் ஓடிப்போய்ப் பாறைக்குப் பின்னால் குந்தினான். விசிலை எடுத்து இரண்டு தரம் சின்னதாக ஊதினான். நான் மறைவில் இருக்கிறேன், சுடலாம் என்று அதற்கு அர்த்தம். நூறு கஜத்துக்கு அப்பால் மணல் மூட்டைமேல் துப்பாக்கியைச் சாய்த்துப் படுத்திருந்த அண்ணன் எலியேசர், நீளமாக ஒரு விசில் கொடுக்கும்வரை அவன் வெளியே வரக்கூடாது.

பம்மலுக்கு அப்பால், வெடி வைப்பதை நிறுத்திவிட்ட பழைய கல்குவாரி அது. மணி ஒன்பதுகூட ஆகவில்லை; பாறை அதற்குள் சுட ஆரம்பித்திருந்தது.

சர்வே இலாகாவில் முப்பது வருஷம் நிலம் அளந்த எலியேசருக்கு, ரிடையரான பிறகு கண் மங்கிவிட்டது. தூரத்துப் பொருள் தெரிந்தது; துப்பாக்கி நுனியில் இருக்கும் குறிமுள் தெரியவில்லை. கப்பலில் வேலை பார்க்கும் மருமகன் ஐசக், சிங்கப்பூரிலிருந்து ஒரு டெலஸ்கோப் வாங்கி வந்து கொடுத்தான். லேத் பட்டறைத் துளசிங்கம் துப்பாக்கியில் துளை போட்டு அதைத் திருகாணியால் முடுக்கிக் கொடுத்தார். மதுராந்தகத்தில் சித்தப்பா மகனின் வேர்க்கடலைக் கொல்லையைக் காட்டுப்பன்றிகள் உழுதுபோட்டுக்கொண்டிருந்தன. அடுத்த வாரம் அங்கே போவதாகத் திட்டம். ஆனால் முடுக்கிவிட்டால் மட்டும் போதாது. டெலஸ்கோப் காட்டும் இடமும் குண்டு போகும் இடமும் ஒன்றாக வேண்டும். மூன்று குண்டு சுட்டு, எங்கே விழுந்ததென்று பார்த்து, குமிழைத் திருகி, மறுபடி மூன்று சுட வேண்டும். இலக்குப் பக்கம் ஓர் ஆள் இருந்தால்தான் வேலை ஓடும்.

அந்த ஆளாக அண்ணன் தன்னைக் கூப்பிட்டதை சத்தியநாதனால் இன்னும் நம்ப முடியவில்லை.

நாலு வருஷத்துக்கு முன், இதே குவாரியில், ரைபிள் கிளப்பார் ஐந்தாறு பேர் பார்த்துக்கொண்டிருக்க, விசில் வருமுன்பே அவன் பாறையை விட்டு வெளியே வந்துவிட்டான். எலியேசரின் விரல் விசையில் இருந்தது. துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு நூறு கஜமும் நடந்து வந்து, நாற்பது வயதுத் தம்பியைக் கன்னத்தில் அறைந்தார். அதன்பிறகு கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்குப் போனால்கூட இருவரும் அண்ணி மெட்டில்டா வழியாகத்தான் பேசிக்கொண்டார்கள்.

போன புதன்கிழமை, சத்தியநாதன் வேலை பார்க்கும் தாம்பரம் ஸ்டேஷன் டிக்கெட் ஜன்னலுக்கு வெளியே, வரிசையில் நின்று வந்து முகத்தைக் காட்டினார் எலியேசர்.

“சனிக்கிழமை உனக்கு ட்யூட்டி உண்டா?”

“இல்ல.”

“டெலஸ்கோப் மாட்டியிருக்கேன். குறி சரிபாக்கணும். வா.”

“கிளப்ல ஆளுங்க இருக்காங்களே.”

“இருக்காங்க,” என்றார் எலியேசர். பின்னால் நின்றவருக்கு வழிவிட்டு, “ஏழு மணிக்கு வந்துடு. அண்ணி இட்லி வெச்சிருப்பா,” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இன்று முதல் மூன்று குண்டும் வலப்பக்கம் கீழே, ஒன்பது அங்குலம் தள்ளி விழுந்தன. சத்தியநாதன் நீளக் கழியால் இடத்தைத் தொட்டுக் காட்டினான். அடுத்த மூன்றும் இரண்டு அங்குலத்துக்குள் வந்தன. குழல் சூடேறினால் குண்டு இடம் மாறும் என்று எலியேசர் நடுநடுவே நெடுநேரம் ஆறவிட்டார். இப்போது மூன்றாவது சுற்று.

முதல் குண்டு வெடித்தது. பாறை இடுக்கு வழியாகப் பார்த்தான். கறுப்பு வட்டத்தின் நடுவே ஓட்டை. இரண்டாவது அதைத் தொட்டுக்கொண்டு விழுந்தது. சத்தியநாதன் தன்னை அறியாமல் சிரித்தான். மணி ஒன்பது பத்து.

மூன்றாவது வரவில்லை.

குழல் ஆறுகிறதாக்கும் என்று காத்திருந்தான். பத்து நிமிஷம் போயிற்று. எழுந்தான், உட்கார்ந்தான். எறும்பு ஏறிய காலைத் தேய்த்துக்கொண்டான். மறுபடி இரண்டு விசில் கொடுத்தான். பதில் இல்லை. “அண்ணே!” என்று கத்தினான். அண்ணனுக்கு இடது காது பாதிதான் கேட்கும். உள்ளே குண்டு இருக்கும், விரல் விசையில் இருக்கும். எட்டிப் பார்க்க முடியாது.

கால் மணி நேரம். சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. வேண்டுமென்றே செய்கிறார் என்று திடீரென்று தோன்றியது. வெளியே வருகிறேனா என்று பார்க்கிறார். சோதிக்கிறார். அப்படியா, பார்த்துவிடலாம். நீ விசில் கொடுக்காமல் நான் ஒரு அடி வைக்கப்போவதில்லை. சாயங்காலம்வரை வேண்டுமானாலும் உட்கார்ந்திருப்பேன். நாலு வருஷக் கோபம் புதிதாகக் கிளம்பியது. பல்லைக் கடித்துக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

ஒன்பது முப்பத்தெட்டுக்குக் கழியில் கைக்குட்டையைக் கட்டி வெளியே நீட்டி ஆட்டினான். ஒன்றும் நடக்கவில்லை. பிறகு இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு வெளியே வந்தான். குவாரிச் சுவரை ஒட்டியே நடந்தான். பாதி தூரம்வரை நடந்தான். அப்புறம் ஓடினான்.

எலியேசர் துப்பாக்கிக் கட்டையில் கன்னத்தை வைத்துப் படுத்திருந்தார். கண்ணாடி மூக்கிலிருந்து நழுவியிருந்தது. சத்தியநாதன் முதலில் துப்பாக்கியைத்தான் எடுத்தான். அதைத் திறந்து, உள்ளேயிருந்த குண்டை வெளியே எடுத்து, துப்பாக்கியைத் தள்ளி வைத்தான். அதற்குப் பிறகுதான் அண்ணனைத் தொட்டான். உடம்பு சூடாகத்தான் இருந்தது. வெயிலில் கல்லும் அப்படித்தான் இருந்தது.

மேட்டில் ஓலைத் தட்டியின் நிழலில் ஜல்லி உடைத்துக்கொண்டிருந்த கிளியம்மாள், சுத்தியலோடு இறங்கி வந்தாள்.

“இன்னா சார், இன்னா ஆச்சு?”

அவன் அண்ணனைப் புரட்டி மடியில் போட்டு மார்பை அமுக்கிக்கொண்டிருந்தான்.

“ஐயோ, பூட்டாரா! ரெண்டாவது வெடி வெடிச்சாரே, அப்பவே தலய சாச்சிகினாரு சார். கை மட்டும் தரைய இப்டி இப்டி தட்டிகினு இருந்துச்சு. குறி பாக்குறாருன்னுட்டு நான் என் வேலய பாத்துகினு இருந்தேன்.”

சத்தியநாதன் அமுக்குவதை நிறுத்தினான்.

“எவ்ளோ நேரம் தட்டினாரு?”

“நான் இன்னா கடியாரமா பாத்தேன்? ஒரு கூடை ஜல்லி ஒடச்சிருப்பேன்.”

அவள்தான் ரோடுவரை ஓடி டாக்ஸி பிடித்து வந்தாள்.

சிட்லபாக்கம் வீட்டில் பதினொரு மணிக்கெல்லாம் ஹாலைக் காலி செய்து கட்டிலைப் போட்டுவிட்டார்கள். ஐசக்குக்குத் தந்தி போயிற்று. பாஸ்டர் வந்து ஜெபம் செய்தார். சர்டிபிகேட் எழுத வந்த டாக்டர், பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்: “எத்தனை மணிக்கு?”

சத்தியநாதன் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

“சுமாரா சொன்னா போதும் சார்.”

“ஒன்பது பத்து,” என்றான். உடனே, “இல்ல. ஒன்பதே முக்கால்,” என்றான்.

டாக்டர் நிமிர்ந்து ஒரு தரம் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். “ஹார்ட். நொடியில போயிருப்பார்,” என்றார்.

டாக்டர் போனபின் சத்தியநாதன் ஓர் இடத்தில் நிற்க முடியாமல் அலைந்தான். நாற்காலிகளை வெளியே கொண்டுபோய்ப் போட்டான். போட்டவற்றை வரிசை மாற்றினான். ஐஸ் வாங்க யாரையோ அனுப்பிவிட்டு, அவர்கள் பின்னாலேயே தெருமுனைவரை போய்த் திரும்பி வந்தான். சவப்பெட்டிக்கு அளவு எடுக்க வந்தவரிடம் ஒரே அளவை மூன்று முறை சொன்னான். ஹாலுக்குள் மட்டும் போகவில்லை.

மெட்டில்டா ஆள் விட்டுக் கூப்பிட்டாள். கட்டிலருகே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்த முகம்.

“தம்பி, ரொம்பக் கஷ்டப்பட்டாரா?”

“இல்ல அண்ணி.”

“நீங்க பக்கத்துல இருந்தீங்களா?”

ரயில் ஒன்று ஜன்னல் கண்ணாடிகளை அதிரவைத்துக்கொண்டு போயிற்று. அது போய் முடியும்வரை அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பக்கத்துலதான் இருந்தேன்.”

மெட்டில்டாவின் தோள்கள் தளர்ந்தன. “போதும்,” என்றாள். “தனியா கெடந்தாரோன்னு நெனச்சேன். மூணு நாளா வீட்டுல ஒரே பேச்சு, சத்தியா வரான், சத்தியா வரான்னு.”

எழுந்து, தன் நாற்காலியை எலியேசரின் தலைமாட்டுக்கு நகர்த்திப் போட்டாள்.

“இங்க உக்காருங்க.”

அவன் நின்றான்.

“உக்காருங்க தம்பி. கூடவே இருந்தவரு நீங்க.”

உட்கார்ந்தான். மத்தியானம் முழுக்க ஆட்கள் வந்து அவன் கையைப் பிடித்துவிட்டுப் போனார்கள். சாப்பிடக் கூப்பிட்டபோது தலையை அசைத்து மறுத்தான். ஜன்னல் வழியே வந்த காற்று வெள்ளைத் துணியின் ஓரத்தைத் தூக்கியது. அதை இழுத்து அண்ணனின் தோளடியில் செருகினான். காற்று மறுபடி தூக்கியது. மறுபடி செருகினான்.