ஒப்படைத்தவர் கையொப்பம்

ஊர் திரும்பிய பன்னிரண்டாம் நாள் காலை, என் வீட்டில் சர்க்கரை எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. நான்கு டப்பாக்களைத் திறந்து பார்த்துவிட்டேன். ஐந்தாவதில் கை வைப்பதற்குள் அண்ணி, அதாவது என் கணவரின் அக்கா, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கையை நீட்டிச் சரியான டப்பாவை எடுத்து என் முன்னால் வைத்தார். உதவிதான் செய்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எட்டு வருஷம் வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸாக இருந்தவள் நான். முப்பது படுக்கை உள்ள வார்டில் எந்த ஊசி எந்தத் தட்டில் என்று கண்ணைக் கட்டிவிட்டாலும் எடுப்பேன். இங்கே சர்க்கரை டப்பாவுக்கே வழி தெரியவில்லை. காலை ஐந்தரைக்கு விழிப்பு வந்துவிடும். ஒவ்வோர் அறையாக எட்டிப்பார்ப்பேன். யாருக்கும் எதுவும் தேவைப்படாது. கணவர் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார். மகள் அத்தையின் மேல் காலைப் போட்டுத் தூங்குவாள். கூடத்துக்கு வந்து நாற்காலியை நேராக்குவேன், மறுபடியும் நேராக்குவேன், உட்காரப் பிடிக்காது. ஒரு நாள் பொழுது போகாமல் எல்லோருக்கும் பிரஷர் பார்த்தேன். கணவருக்கு மட்டும் கொஞ்சம் கூடுதல்.

"நீ வந்ததுலேருந்துதான்" என்றார் அவர். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். வாரத்துக்கு ஒரு ஜோக் அடிப்பார், அந்த வாரத்துக்கு அதுதான்.

மகளை அண்ணியிடம் விட்டுவிட்டு நான் விமானம் ஏறியபோது அவளுக்கு மூன்று வயது. இப்போது பதினொன்று. ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தால் "தேங்க்ஸ்மா" என்கிறாள். பெற்ற பிள்ளை தண்ணீருக்கு நன்றி சொன்னால் வயிறு எரியாதா? அத்தை தலை பின்னும்போது "வலிக்குது, விடு!" என்று காலை உதைத்துக்கொண்டு கத்துகிறவள், நான் கோணல்மாணலாகப் பின்னிவிட்டால் "நல்லா இருக்கும்மா" என்று சொல்லிவிட்டு அப்படியே பள்ளிக்கூடம் போகிறாள்.

வேலையை விட்டுவிட்டுத்தான் வந்திருந்தேன்; ஆனாலும் மாதக் கடைசிவரை என் இடத்தை வேறு யாருக்கும் கொடுப்பதில்லை என்று வார்டு மேற்பார்வையாளர் சொல்லியிருந்தார். அது கணவருக்கு மட்டும் தெரியும். "இங்க ஒட்டலன்னா நான் திரும்பிப் போயிடுவேன்" என்று அவரிடம் சொன்னேன். அவர் ஒரு லென்ஸைத் துடைத்தார், துடைத்ததையே திரும்பவும் துடைத்தார்.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. ஷிப்ட் மாறும்போது, போகிறவள் ஒவ்வொரு படுக்கையின் பக்கத்திலும் நின்று, வருகிறவளிடம் எல்லாவற்றையும் ஒப்படைக்க வேண்டும். என்ன சாப்பிட்டார், எங்கே வலி, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது. கீழே இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். அது முடியாமல் வார்டு உங்கள் கைக்கு வராது. சர்க்கரையைக் கலக்கிக்கொண்டே யோசித்தபோது எனக்குச் சட்டென்று உறைத்தது. இந்த வீட்டை எனக்கு யாரும் ஒப்படைக்கவே இல்லையே!

மறுநாள் ஏழு மணிக்கு நோட்டும் பேனாவுமாக அண்ணியை மேஜையில் உட்கார வைத்தேன்.

"அண்ணி, இவளைப் பத்தி எல்லாத்தையும் சொல்லுங்க. எழுதிக்கிறேன்."

"எல்லாத்தையும்னா?"

"சாப்பாடு, தூக்கம், எதுக்குப் பயப்படுவா, காலையில வயிறு ஒழுங்கா போகுதா..."

"அதையுமா எழுதுவே?"

"அதான் அண்ணி முக்கியம்."

சிரித்துக்கொண்டேதான் ஆரம்பித்தார். முட்டையில் மஞ்சளை ஒதுக்கிவிடுவாள். கணக்கை முதலில் முடித்தால்தான் மற்ற பாடம் ஓடும். இடி இடித்தால் பயம், ஆனால் ஒப்புக்கொள்ள மாட்டாள். நான்கு பக்கம் வந்தது. போகப் போக அவர் குரல் இறங்கிக்கொண்டே வந்ததை நான் கவனிக்கவில்லை. எழுதுவதில் அவ்வளவு மும்முரம். கடைசியில் ஒரு கோடு போட்டு, அதன் கீழே 'ஒப்படைத்தவர்' என்று எழுதி நோட்டைத் திருப்பினேன்.

"இங்க ஒரு கையெழுத்து, அண்ணி."

நோட்டை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுப் போட்டார். மகள் பள்ளிக்கூடம் கிளம்பிப் போனதும் கையில் பையோடு வந்து நின்றார்.

"எங்க அண்ணி?"

"சின்னவன் வீட்டுக்கு. அதான் கையெழுத்து வாங்கிட்டியே. இனி எனக்கு இங்க என்ன வேலை?"

வார்டில் ஒப்படைத்த பிறகும் ஒருத்தி நின்றுகொண்டிருந்தால், அடுத்தவளை நம்பவில்லை என்று அர்த்தம். எட்டு வருஷத்தில் ஒருத்தியைக்கூட "இரு" என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை. அன்றைக்கும் வாய் வரவில்லை. உண்மையைச் சொன்னால், மனசின் ஒரு மூலையில் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

சாயங்காலம் மகள் வந்தாள். "அத்தை எங்க?"

"சித்தப்பா வீட்டுக்குப் போயிருக்காங்க."

"எப்ப வருவா?"

"தெரியல."

"சரிம்மா" என்று சொல்லிவிட்டு உடை மாற்றப் போனாள்.

மூன்று நாள் நோட்டைப் பார்த்தே குடித்தனம் நடத்தினேன். மஞ்சளை எடுத்துவிட்டு முட்டை, கணக்கு முதலில், எல்லாம் அட்சரம் பிசகாமல். அவள் ஒரு குறையும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் காலை, தன் தட்டைத் தானே கழுவிக் கவிழ்த்தாள். தலையைத் தானே பின்னிக்கொண்டாள். படுக்கையை மடித்து வைத்தாள். ஹாஸ்டலில் சேரப்போகிற பிள்ளை மாதிரி இருந்தது. எனக்கு ஏனோ பயம் வந்துவிட்டது.

அவள் போனதும் கணவர் சொன்னார்: "அக்காவைக் கூட்டிட்டு வா. நான் கூப்பிட்டா வரமாட்டா. அனுப்பினவதான் போகணும்."

இரண்டு பஸ் மாறிப் போனேன். என் கொழுந்தனார் வீட்டுத் துணிகளை அண்ணி மடித்துக்கொண்டிருந்தார்.

"ஏன், நான் சொன்னதுல எதாவது விட்டுப்போச்சா?"

"எல்லாம் சரியா இருக்கு அண்ணி. அவதான் சரியா இல்ல."

அவர் ஒரு சட்டையை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தார்.

"விட்டுத்தான் போச்சு. நீ கேக்கல, நானும் சொல்லல. நீ லீவு முடிஞ்சு போறப்பல்லாம் உன் தலையணையைக் கட்டிக்கிட்டு ஒரு வாரம் அழுவா. ரெண்டு தடவை அப்படித்தான். மூணாவது தடவை அழல. நீ கிளம்பின அரை மணி நேரத்துல தலையணை உறையைக் கழட்டி அவளே துவைக்கப் போட்டா. அன்னைக்கு நான்தான் அழுதேன்."

மடித்த துணிகளை ஓரமாகத் தள்ளிவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"எனக்கு ஒண்ணுமே தெரியல அண்ணி. நீங்க கூட இருங்க."

"இதை அன்னைக்கே சொல்லியிருந்தா பஸ் செலவாவது மிஞ்சியிருக்கும்" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்தார்.

நாங்கள் வந்து சேரவும் பள்ளிக்கூடம் விட்டு மகள் வரவும் சரியாக இருந்தது. புத்தகப்பையைப் போட்டுவிட்டு ஓடிவந்து அத்தையைக் கட்டிக்கொண்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். முகமெல்லாம் சிவந்திருந்தது.

"நீங்க எப்ப போறீங்க?"

"எங்கம்மா?"

"உங்க வேலைக்கு!" தெருவே கேட்கிற மாதிரி கத்தினாள். "எப்பவும் முப்பது நாள்தானே லீவு? இன்னும் பதினாலு நாள்தான் இருக்கு. நீங்க போயிடுவீங்க. அத்தையையும் அனுப்பிட்டீங்க. அப்புறம் எனக்கு யாரு இருப்பா?"

இந்தத் தடவை நான் வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிறேன் என்று அவளிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. யார் சொல்வார்கள்? நானே முடிவு செய்யாமல் வைத்திருந்தேனே. யாருமில்லாமல் இருப்பதற்கு என் பிள்ளை மூன்று நாளாகத் தன்னைத் தானே பழக்கிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்துவிட்டு நான் ஹாஸ்டல், கீஸ்டல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது.

வாசலில் நின்றபடியே மேற்பார்வையாளருக்குப் போன் போட்டேன். அந்த ஊர் மொழியில் இரண்டே வாக்கியம். அவர் ஏதோ கேட்க ஆரம்பித்தார், வைத்துவிட்டேன்.

"என்ன சொன்னீங்க?"

"என் இடத்தை வேற யாருக்காவது குடுத்துடச் சொன்னேன்."

"அது அவங்ககிட்ட. எனக்கு?"

"நான் போக மாட்டேன்."

"போன தடவையும் இப்படித்தான், சீக்கிரம் வந்துடுவேன்னு சொன்னீங்க."

"ஆமா. சொன்னேன். வரல."

அத்தையின் கையை அவள் விடவில்லை. என்னையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னொரு தடவை சொல்லுங்க" என்றாள்.

சொன்னேன்.