சுருண்ட வாலுக்கு மூங்கில் பத்தை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை இலங்கை மலைநாட்டில், நானுஓயா ரயில் நிலையத்துக்கு எதிரே, மஃறூப் நானாவின் தேநீர்க் கடையில் எனக்கு ஓசியில் கிடைத்தது. பத்திரிகைக்காரர் கேட்டதோ கொலைக் கதை. அதனால் இப்படித் தொடங்கினேன்:

‘1953. மூடுபனி. நாய்க்கூண்டின் கதவு திறந்து கிடந்தது. உள்ளே ஒரு பிண—’

பிணம் இல்லை. ஆறு குட்டிகள்தாம் இருந்தன. அந்த வரியை அடித்துவிட்டேன்.

2

தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரைக்கு மரைமான் வேட்டையென்றால் உயிர். அதற்கென்றே தலைமுறை தலைமுறையாக இணை சேர்த்து வளர்த்த நாய்கள். மரை வாடை பட்டால் மலை தாண்டி ஓடும். மற்றபடி திருடன் வந்தாலும் ஒதுங்கிப் படுத்து இடம் கொடுக்கும். (ரத்த வாடையைத் தவிர வேறெதையும் மோந்து பாராத எழுத்தாளர்களும் உண்டு. பெயர் வேண்டாம்.)

அவற்றைப் பார்த்துக்கொள்பவன் நல்லமுத்து. ஒரு மழை வாரம் கூண்டு ஒழுகியதால், பெட்டை நாய் ராணியைத் தொழிலாளர் லயத்தில் தான் குடியிருந்த ஒற்றையறைக் காம்பராவுக்குக் கூட்டிப்போனான். இரக்கம். (இரக்கம்தானா? மனைவி பேச்சியம்மாவின் உருளைக்கிழங்குப் பாத்தியைப் பன்றி கிண்டிக்கொண்டிருந்தது. காவலுக்கும் ஆகுமே என்று நினைத்திருப்பான். எனக்கு அவன்மேல் சந்தேகம் உண்டு.)

பன்றி வந்தது. ராணி கொட்டாவி விட்டது. விரட்டியது லயத்து நாய் கறுப்பன். விரட்டிவிட்டு நேரே ராணியிடம் வந்தது. அதே வாரம் துரை ஏற்பாடு செய்த மாப்பிள்ளையும் வந்துபோயிருந்தார்.

3

ஐந்து குட்டிகளுக்கு வால் நேராக இருந்தது. ஆறாவதுக்குச் சுருட்டை, அப்படியே கறுப்பன்.

துரை குட்டிகளை முதன்முதலாகப் பார்ப்பது மூன்றாம் மாதத் தேர்வில்தான். அதற்கு முந்தின இரவு நல்லமுத்து சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்தான்.

“அப்பன் யாருன்னு வாலே சொல்லுதே! நாளைக்கு பத்துச்சீட்டக் குடுத்து வெளிய தள்ளிருவாரு. வேலையும் போச்சு, காம்பராவும் போச்சு.”

“நாய்க்குப் பரிதாபம் பாத்தீங்கள்ல, இப்ப நமக்குப் பாருங்க” என்ற பேச்சியம்மா, குட்டியை மடியில் அமுக்கி, வாலை நிமிர்த்தி, மூங்கில் பத்தை வைத்துத் துணி சுற்றினாள். “கதவுல நசுங்கிருச்சுன்னு சொல்லுங்க.”

4

(இங்கே ஒரு சிறுத்தையை இறக்கலாமா என்று பார்த்தேன். பேச்சியம்மா முறைத்தாள்.)

மறுநாள் தேர்வில், காய்ந்த மரைத்தோலைப் புல்வெளியில் இழுத்துப்போய்ப் புதரில் ஒளித்துவிட்டு, குட்டிகளை அவிழ்த்துவிட்டார்கள். ஐந்தும் மூக்கைத் தரையில் பதித்து ஓடின. ஆறாவது, முதலில் துரையின் பிஸ்கட்டைக் கொத்தவந்த காக்கையை விரட்டியது. பிறகு குறுக்கே பாய்ந்து, எல்லாவற்றுக்கும் முன்னால் தோலைக் கவ்வியது.

துரை எழுந்தேவிட்டார். “அந்த நாய் எல்லாம் ஒரு வேலை. இந்த நாய் எல்லா வேலை! இது நம்ம பங்களாவுக்கு. வால் என்ன?”

“கதவுல நசுங்கிருச்சுங்க, துரை.”

“பாவம். கட்டு அவிழ். நான் பாக்கணும்.”

5

ஒரு முடிவில் துரையைச் சிரிக்கவைத்தேன். இன்னொன்றில் பத்துச்சீட்டு எழுதவைத்தேன். மூன்றாவதில் துப்பாக்கி வெடித்தது. அது என் பழக்கதோஷம். கிழித்துப்போட்டேன்.

நல்லமுத்து குனிந்து, இருக்கும் இடம் தெரிந்தே, முடிச்சைத் தேடிக்கொண்டிருக்கிறான். வேலிக்கு அப்பால் கொழுந்துக்கூடையோடு பேச்சியம்மா. முடிச்சின் நுனியை உங்களிடம் கொடுத்துவிடுகிறேன். யோசித்து இழுங்கள். ஆனால் ரொம்ப யோசிக்காதீர்கள்: துரை குட்டியைத் தட்டிக்கொடுக்கிறார், துணிக்குள் வால் ஆடத் தொடங்கிவிட்டது.