முசேவுக்கு ஒரு வாடகை வீடு

நாணல்திட்டு மக்கள் எழுதிய மனுவை நான் படித்திருக்கிறேன். அதன் நகலைக் கையில் கொடுத்துத்தான் என்னை அங்கே மாற்றினார்கள். 'எங்கள் ஊரிலேயே தங்கி வேலை பார்க்கும் ஒரு நர்சை அனுப்பித் தருமாறு மிகவும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்' என்று எழுதி, கீழே எழுபத்திரண்டு பேர் கையெழுத்தும் கைநாட்டும் வைத்திருந்தார்கள். 'தங்கி' என்ற சொல்லுக்கு அடியில் இரண்டு கோடு வேறு. அந்தக் கோட்டைப் போட்டவர் யார் என்று தெரிந்தால் நேரில் போய் நாலு வார்த்தை கேட்காமல் விடமாட்டேன்.

மனுவில் இருந்தது பொய் இல்லை. பாகூரைத் தாண்டிக் கிழக்கே போனால் ஆறு கடலில் சேரும் இடத்தில் இருக்கிறது அந்தத் திட்டு. நாலு பக்கமும் தண்ணீர். ஒரே ஒரு தரைப்பாலம், குட்டி யானை என்கிற சின்னச் சரக்கு வண்டி நுழையும் அகலம்தான். மழையில் பாலம் முழுகிவிட்டால் படகுதான் கதி. போன ஐப்பசியில் பாம்பு கடித்த ஒருவரை, வீட்டுக் கதவைக் கழற்றி அதில் கிடத்திப் படகில் ஏற்றியிருக்கிறார்கள். அவர் பிழைத்தது அவருடைய நல்ல காலம். ஊரில் துணை சுகாதார நிலையம் என்று ஓர் ஓரறைக் கட்டடம் உண்டு. அதற்குப் பின்னால் நர்சுக்காகக் கட்டிய வீடு புயலில் கூரை போய்க் கிடக்கிறது. ஆகவே வாடகைக்கு வீடு பார்த்துக்கொண்டு திங்கட்கிழமை வேலையில் சேரவேண்டும் என்பது எனக்கு வந்த உத்தரவு. தங்கும் முகவரி இல்லாமல் சேர முடியாது. சேராவிட்டால் அடுத்த மாற்றல் காரைக்காலுக்கு என்று வாயாலேயே சொல்லிவிட்டார்கள்.

என் பெயர் அந்தோணி மேரி. பத்தொன்பது வருஷமாகக் கிராம நர்ஸ். சொந்த ஊர் வில்லியனூருக்கு மேற்கே. கணவர் கில்பர்ட்டுக்குத் திருபுவனையில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. மகளுக்கு இந்த வருஷம் பிளஸ் டூ. பரீட்சை முடியும்வரை அவர்கள் இரண்டு பேரும் ஊரில், நானும் முசேவும் திட்டில் என்று முடிவு செய்தோம். முசே எங்கள் நாய். செம்பட்டை நிறத்து நாட்டு நாய்தான், ஆனால் நடையில் ஒரு மிடுக்கு உண்டு. பக்கத்து வீட்டில் பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் ஒரு பெரியவர் அதைப் பார்த்துவிட்டு, துரை மாதிரி நடக்கிறான், பிரெஞ்சில் துரையைக் கூப்பிடுகிற மாதிரி முசே என்று கூப்பிடுங்கள் என்றார். அதுவே நிலைத்துவிட்டது.

நாய் எதற்கு, தனியாகப் போகலாமே என்று கேட்டவர்கள் உண்டு. நர்ஸ் இருக்கும் வீட்டுக் கதவை எந்த நேரத்திலும் யாரும் தட்டலாம். தட்டுகிற பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு உண்மையாகவே அவசரம். அந்தப் பத்தாவது ஆளுக்காகத்தான் முசே. இரண்டு ஊர்களில் பட்டுத் தெரிந்துகொண்டது இது, யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

வியாழக்கிழமை வீடு பார்க்கப் போனேன். கூட்டிக்கொண்டு சுற்றியவர் பலராமன். ஊருக்குப் பெரிய மனிதர் மாதிரி. பாம்பு கடித்தவரை ஏற்றிப்போன படகு அவருடையது, மனுவைத் தூக்கிக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாக அலைந்தவரும் அவரே. வாங்க நர்சம்மா என்று பாலத்து முனையிலேயே வந்து நின்றார். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

முதல் வீடு குழந்தைவேல் என்பவருடைய மாடி. ஓர் அறை, கக்கூஸ் கீழே. அவர் சொன்ன வாடகையில் பாதிச் சம்பளம் போய்விடும். ஏன் இவ்வளவு என்று கேட்டேன். வாரக் கடைசியில் படகு சவாரிக்கு வருகிற பெங்களூர்க்காரர்கள் இரண்டு நாளைக்கே அவ்வளவு தருகிறார்களாம். அப்படியானால் காய்ச்சலுக்கு அவர்களிடமே ஊசி போட்டுக்கொள்ளுங்கள் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. பலராமன் முகத்துக்காக அடக்கிக்கொண்டேன்.

இரண்டாவது அமுதம் என்ற அம்மாவின் வீட்டுப் பின்கட்டு. வாடகை தோதுப்பட்டது, நாய்தான் தோதுப்படவில்லை. வீட்டில் பூஜை அறை இருக்கிறது, நாய் ஆகாது என்றார். அதைச் சொல்லும்போது அவர் வாசற்படியிலேயே ஒரு நாய் காலை நீட்டிப் படுத்திருந்தது. இது யாருடையது என்றேன். தெருநாய், அதுவாக வந்து படுக்கிறது என்றார். என் நாயையும் அதுவாக வந்து படுக்கச் சொல்கிறேன் என்றேன். அவர் சிரிக்கவில்லை. அந்தத் திட்டில் மனிதர்களைவிட நாய்கள் அதிகம். வலை உலர்த்தும் இடத்தில் நாய், படகுக்கு அடியில் நாய், ரேஷன் கடைத் திண்ணையில் நாய். வாடகை கொடுத்து வரும் நாய் மட்டும் ஆகாது.

மூன்றாவதாகத்தான் மரிய செலின் வீட்டுக்குப் போனோம். தென்னந்தோப்பு, முன்னால் அவருடைய பெரிய வீடு, தோப்புக் கடைசியில் இரண்டு அறையும் குளியலறையுமாக ஒரு சின்ன வீடு. அறுபது வயது இருக்கும். கழுத்தில் ஜெபமாலை. நாய் இருக்கிறது என்று நான் இழுத்துக்கொண்டே சொன்னதும் அவர் முகம் மலர்ந்துபோயிற்று. தோப்பில் தேங்காய் களவு போகிறதாம், நாய் இருந்தால் நல்லதுதானாம். வாடகையும் அவராகவே குறைத்துச் சொன்னார். நம்ம வேதத்துப் பிள்ளை, உன்னிடம் நான் அதிகம் கேட்பேனா என்றார். என்னைப் பிடித்து உட்காரவைத்துக் காபி போட்டுக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை காலை பூசை முடிந்ததும் வந்து பால் காய்ச்சிவிடு என்று நாளும் குறித்துக் கொடுத்தார்.

காபி குடிக்கும்போது ஊர்ப் பேச்சு வந்தது. எங்கள் ஊர் மாதா திருவிழாவை அவரும் பார்த்திருக்கிறார். தேர் ஜோடனை, வாணவேடிக்கை, அதிகாலைப் பூசை என்று பேசிக்கொண்டே வந்தவர், உங்கள் தெருவுக்குத் தேர் வருமா என்று கேட்டார்.

அந்தக் கேள்வியை நான் பக்திப் பேச்சாக எடுத்துக்கொண்டேன். இத்தனை வருஷம் ஊர் ஊராக வேலை பார்த்தவள், மடச்சி மாதிரி மாட்டிக்கொண்டேன். பெருமை கண்ணை மறைத்துவிட்டது. எங்கள் தெருவுக்கு மாதா தேர் வந்ததே கிடையாது. பெரிய தெருவோடு திரும்பிப் போய்விடும். நாங்கள் தெருமுனையில் மெழுகுவர்த்தியோடு நின்று பின்பக்கத்தைப் பார்த்துக் கும்பிடுவோம். மூன்று வருஷம் மனு, பேச்சுவார்த்தை, போலீஸ் என்று அலைந்து போன வருஷம்தான் வந்தது. கில்பர்ட் வடம் பிடித்தார். நான் வாசலில் நின்று அழுதேன். இதையெல்லாம் அவரிடம் மூச்சுவிடாமல் சொன்னேன்.

"போன வருசந்தான் வந்துச்சும்மா. கலெக்டர் வரிக்கும் போயி வாங்கனோம்" என்றேன்.

அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. மாதாவுக்கு நன்றி சொல்லு என்றார். காபி டம்ளரைக் கழுவ நான் எழுந்ததும், அதை அங்கேயே வை என்றார். நான் மரியாதை என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை குட்டி யானையில் கட்டில், பீரோ, அடுப்பு, பால் பாக்கெட், முன்சீட்டில் என் மடியில் முசே என்று பாலத்தைத் தாண்டினேன். பலராமன் நின்றுகொண்டிருந்தார். இந்த முறை வாங்க என்று சொல்லவில்லை. செலினம்மாவின் மகன் திடீரென்று வரப்போகிறானாம், வீடு தேவைப்படுகிறதாம், இவருக்கே நேற்றுதான் தெரியுமாம். போனில் சொல்லியிருக்கலாமே என்றேன். மண்ணைப் பார்த்தார். அப்போதுதான் எனக்கு அந்தத் தேரும் டம்ளரும் ஒன்றாகச் சேர்ந்து உறைத்தன. காது மடலெல்லாம் சுட்டது. அவமானம் இல்லை, ஆத்திரம். அதிலும் பாதி என்மேல்தான். வாயைத் திறந்து பெருமையடித்தேனே.

வண்டியைத் தோப்புக்கு விடச் சொன்னேன். சின்ன வீட்டில் புதுப் பூட்டு தொங்கியது. செலினம்மா கேட்டருகே வந்தார். மகன் எப்போது வருகிறார் என்று கேட்டேன். வருவான் என்றார். அவன் வந்ததும் நான் காலி செய்கிறேன், அதுவரை இருக்கட்டுமா என்றேன். தோப்பில் ஒரே கிணறு, சொந்தக்காரர்கள் வந்து போகிற இடம், நாலு பேர் நாலு பேசுவார்கள் என்று என்னென்னவோ சொன்னார். ஒன்றுக்கொன்று சம்பந்தம் இல்லை. வாழ்க்கையில் ஒரு நாளும் காரணம் சொல்லிப் பழகாதவர் சொல்கிற காரணங்கள். அவர் வீட்டுக் காய்ச்சலுக்கு என் கை நாடி பிடிக்கலாம், அவர் மருமகளின் வயிற்றைத் தொட்டுக் குழந்தை எப்படி இருக்கிறது என்று சொல்லலாம். அவர் கிணற்றில் வாளியை இறக்கத்தான் அந்தக் கை ஆகாது.

பலராமன் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். கெட்ட மனிதர் இல்லை, அதுதான் வயிற்றெரிச்சல்.

"இன்னா பண்றது நர்சம்மா, ஊரு அப்பிடி. நீங்க பாகூர்ல வூடு எடுத்துக்கினு தெனம் வந்து போங்க. இங்கதான் தங்கறாங்கன்னு நாங்க எழுவத்ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுத் தர்றோம்" என்றார்.

தங்குவதற்கு ஒரு கையெழுத்து, தங்கவில்லை என்பதை மறைக்க இன்னொரு கையெழுத்து. மறுபடி மழை வந்து பாலம் முழுகினால் யாருடைய கதவைக் கழற்றுவீர்கள் என்று கேட்டேன். நான் எழுதிக் கொடுக்கும் காகிதத்தில் உண்மைதான் இருக்கும், வீடு ஏன் கிடைக்கவில்லை என்பதும் இருக்கும், யார் யார் கதவு என்பதும் இருக்கும் என்று சொன்னேன்.

இந்தப் பேச்சு நடந்துகொண்டிருந்தபோது முசே வண்டியிலிருந்து குதித்து இறங்கிப் போய் கேட்டருகே உட்கார்ந்திருந்தது. யாராவது கொஞ்சினால் போதும், மானம் ரோஷம் கிடையாது அதற்கு. செலினம்மா கம்பி இடுக்கில் கையை விட்டு அதன் தலையைத் தடவிக்கொண்டிருந்தார். அதுவும் கண்ணை மூடிக்கொண்டு காட்டிக்கொண்டிருந்தது. நான் கயிற்றைப் பிடிக்கப் போனதும் அவர் நிமிர்ந்தார். என்னைப் புண்படுத்தவேண்டும் என்ற எண்ணமே அவருக்கு இல்லை. பெரிய உதவி செய்கிற முகம்.

"நல்ல லட்சணமான நாயா கீதும்மா. நீ அலைஞ்சிக்கினு இத எங்க வச்சிப் பாப்ப. இங்கியே வுட்டுட்டுப் போ. அந்தச் சின்ன வூட்டுத் தாவாரத்துல கட்டிப் போட்டு நாங்க பாத்துக்கறோம்" என்றார்.

வண்டிக்காரர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். பலராமன் தென்னைமரத்தின் உச்சியைப் பார்த்தார். மூன்று நாளாக இந்தத் திட்டில் நாயால் எனக்கு வீடு இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என் நாய்க்கு இடம் இருந்தது. தின்னக் கொடுத்து, தாழ்வாரத்தில் கட்டி, தலையைத் தடவிக்கொடுக்க ஆளும் இருந்தது. எனக்குத்தான் இல்லை.

"இதுவும் எங்க தெருதாம்மா" என்றேன். "எங்க தெருவுல பொறந்து எங்க சோத்தத் தின்னு வளந்தது. இதுக்கும் போன வருசந்தான் தேரு வந்துச்சு."

முசேவின் தலையிலிருந்த கையை அவர் எடுத்துக்கொண்டார். எடுத்த கையைப் புடவைத் தலைப்பில் துடைத்தார். தெரிந்து செய்தாரா, தெரியாமல் செய்தாரா என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. முசே கண்ணைத் திறந்து, இன்னும் தடவச் சொல்லிக் கம்பி இடுக்கில் மூக்கை நீட்டிக்கொண்டே இருந்தது. நான் கயிற்றைப் பிடித்து இழுத்து அதை வண்டியில் ஏற்றினேன். கட்டிலையும் அடுப்பையும் சுகாதார நிலையத்தில் இறக்கச் சொன்னேன், அங்கே தங்கக்கூடாது என்று விதி இருந்தால் சம்பந்தப்பட்டவர்கள் வந்து சொல்லட்டும்.