டாங்கின் வலது பாதி

1968ஆம் வருஷம் ஆனி மாதத்திலிருந்து ராயப்பனின் மோட்டார் சைக்கிளுக்கு நடுவழியில் நின்றுபோகிற வியாதி வந்தது. ராணுவத்தில் ஏலம் விட்ட பழைய வண்டி அது. மத்திகிரி கால்நடைப் பண்ணையில் கம்பவுண்டராக இருந்த ராயப்பன், அதைத் துருப்பிடித்த இரும்பாகத்தான் வாங்கினான். அதை ஓட வைத்தவன் ஓசூரில் பட்டறை வைத்திருந்த மைக்கேல்ராஜ். இருவரும் ஒரே கோயிலில் பூசை கேட்கிறவர்கள். ராயப்பனின் மகள் கிருபாராணியின் ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பனாக நின்றவனும் மைக்கேல்ராஜ்தான்.

சென்னையிலிருந்து, மாடுகளைக் கொல்லும் வெக்கை நோய்க்கான தடுப்பு மருந்து வரத் தாமதமானதால், அந்த வருஷம் பெங்களூரிலேயே வாங்கிக்கொள்ளும்படி பண்ணைக்கு உத்தரவாகியிருந்தது. வாரம் ஒருமுறை ராயப்பன் பின் சீட்டில் ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய் வருவான். போகிற வழியில் ராஜ்ய எல்லை. இந்தப் பக்கம் மதுவிலக்கு, அந்தப் பக்கம் மைசூர்க்காரர்கள் அதைத் தளர்த்திவிட்டிருந்தார்கள். அதனால் சோதனைச் சாவடியில் காய்கறிக் கூடையைக்கூடக் கிளறிப் பார்ப்பார்கள். ராயப்பனை மட்டும் நிறுத்த மாட்டார்கள். மருந்துப் பெட்டியைக் கண்டதும் மூங்கில் தடுப்பு மேலே போகும்.

வைகாசியில் மைக்கேல்ராஜ் பெட்ரோல் டாங்கைக் கழற்றி எடுத்துக்கொண்டான். உள்ளே துரு ஏறிவிட்டது, சுத்தம் செய்து ஈயம் பூச வேண்டும் என்றான். ஒரு வாரம் கழித்துப் புதுப் பெயின்ட் அடித்து மாட்டிக் கொடுத்தான். பெட்ரோலும் அவனே ஊற்றி வைப்பான். மூடியைத் திறந்தால் கழுத்துவரை நிற்கும்.

அதற்குப் பிறகுதான் வண்டி நிற்கத் தொடங்கியது. பெங்களூரிலிருந்து திரும்பும்போது இரண்டு முறை விக்கும், பிறகு அடங்கிவிடும். டாங்கின் அடியிலிருக்கும் பெட்ரோல் திருகை, அதாவது டேப்பை, ரிசர்வ் பக்கம் திருப்பினாலும் கார்புரேட்டருக்கு ஒரு சொட்டு இறங்காது. மூடியைத் திறந்தால் உள்ளே இருட்டு. வண்டியைப் பிடித்து ஆட்டினால் களக் களக்கென்று சத்தம் கேட்கும். பெட்ரோல் இருக்கிறது, டேப்பில்தான் கோளாறு என்று யாருக்கும் தோன்றும். ராயப்பனுக்கும் அப்படித்தான் தோன்றியது. ஒரு முறை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தான். ஒரு முறை நாலு மைல் தள்ளினான்.

"தக்கைதான்பா," என்றான் மைக்கேல்ராஜ். டேப்பைப் பிரித்து உள்ளேயிருந்த தக்கையைச் சுண்டுவிரல் நுனியில் வைத்துக் காட்டினான். "காஞ்சா சுருங்கி ஒழுகும். ஊறுனா பருத்துக்கிட்டு வழிய அடைக்கும். பாரு, எப்புடி ஊதியிருக்குதுன்னு."

புதுத் தக்கையை வட்டமாக வெட்டி, வெந்நீரில் போட்டு மெதுவாக்கி, துளை பார்த்து மாட்டினான். அடுத்த வாரம் மறுபடியும் நின்றது. இந்த முறை டேப்பின் மேல் நிற்கிற சல்லடையில் ஈயத் தூள் அடைத்திருக்கிறது என்றான். அதற்கடுத்து மூடியிலுள்ள காற்றுத் துளை. காற்று உள்ளே போகாவிட்டால் பெட்ரோல் கீழே வராது என்று விளக்கினான். எல்லாமே உண்மையான சங்கதிகள். ராயப்பன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றையும் கவனித்தான். தனக்காக ஒருவன் இவ்வளவு மெனக்கெடுகிறானே என்று அவனுக்குக் கூச்சமாகக்கூட இருந்தது.

"பெங்களூர்ல நம்ம சிநேகிதன் பட்டறை இருக்குது," என்று டாங்கை மாட்டிக் கொடுத்த அன்றே மைக்கேல்ராஜ் சொல்லியிருந்தான். "நீ மருந்து வாங்குற நேரத்துல வண்டிய அங்க விட்டுரு. ஒரு தடவ பார்த்து, பெட்ரோலும் ஊத்தி வெப்பான். இங்க வந்ததும் நேரா எங்கிட்ட விட்டுரு. நானும் ஒரு தடவ பார்த்துடறேன்."

முதல் பயணத்திலிருந்தே ராயப்பன் அப்படித்தான் செய்துவந்தான்.

ஆவணியில் குந்தாரப்பள்ளிச் சந்தைக்கு வந்த மாடுகளோடு வெக்கை நோயும் வந்தது. ராயப்பன் மருந்தெடுக்கப் போன அன்று வண்டி வெயிலில் மூன்று மணி நேரம் நின்றது. பெட்டியில் ஐஸ் பெரும்பாலும் கரைந்துவிட்டது. குளிர் போனால் அந்த மருந்து வீண். அடியில் கை வைத்துப் பார்த்தான். இன்னும் சில்லென்றுதான் இருக்கிறது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். மறுநாள் அதே மருந்தைச் சந்தையை ஒட்டிய ஊரில் மாடுகளுக்குப் போட்டான். பன்னிரண்டாம் நாள் வெங்கடம்மாள் என்ற விதவையின் எருது செத்தது. ஜோடி எருதுகளில் இடப்பக்கம் பூட்டுகிற இடத்து எருது. அதை நம்பித்தான் அவள் கேழ்வரகு விதைத்திருந்தாள்.

"ஊசின்னு தண்ணியப் போட்டுட்டுப் போயிட்ட," என்றாள் அவள். கத்தவில்லை. எருதின் வாயிலிருந்த நுரையைத் துணியால் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

அன்றிலிருந்து ராயப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. மனைவி பவுலினா கேட்டபோது, "அந்த டேப்ப நான் முன்னாடியே மாத்தியிருக்கணும்," என்று மட்டும் சொன்னான்.

புரட்டாசி முதல் வாரம். எல்லைக்கு இன்னும் ஒரு மைல் இருக்கும்போதே, மைசூர்ப் பக்கத்திலேயே வண்டி விக்கியது. சாலையோரம் ராமப்பன் என்பவனின் டீக்கடை. அதன் எதிரே வந்து நின்றது. பகல் ஒரு மணி இருக்கும். ராயப்பன் பெட்டியை அவிழ்த்துப் புளியமர நிழலில் வைத்தான். இந்த முறை யாருக்காகவும் காத்திருக்க அவனுக்கு மனமில்லை. மூன்று மாதமாகப் பார்த்துப் பார்த்து வேலை பழகியிருந்தது. பையிலிருந்த ஸ்பேனரை எடுத்தான்.

கார்புரேட்டருக்குப் போகிற குழாயைப் பிடுங்கினான். டேப்பைத் திறந்தான். சொட்டு இல்லை. டேப்பையே டாங்கிலிருந்து கழற்றினான். பெட்ரோல் கொட்டும் என்று தகர டப்பாவைக் கீழே பிடித்திருந்தான். ஒன்றும் கொட்டவில்லை. தக்கையைப் பார்த்தான். நன்றாக இருந்தது. சல்லடை சுத்தம். டேப்பை வாயில் வைத்து ஊதினான், காற்று தாராளமாகப் போனது. வண்டியை ஆட்டினான். களக் களக்.

டேப்பில்லாத ஓட்டை திறந்து கிடக்கிறது. உள்ளே ஏதோ ததும்புகிறது. ஆனால் கீழே வரவில்லை.

அவன் ஒரு கம்பியை வளைத்து மூடி வழியாக விட்டான். அந்த டாங்க் வண்டியின் இரும்புச் சட்டத்தின் மேல் சேணம் போல இரண்டு பக்கமும் தொங்கும். கம்பி இடது பாதியில் அடிவரை போனது. வலது பக்கம் திருப்பினால் தகட்டில் இடித்தது. மறுபடி இடித்தான். இருக்கக் கூடாத இடத்தில் ஒரு தகடு இருந்தது. வலது பாதியின் அடியில் ஒரு போல்ட் இருப்பதை அவன் முன்பே கவனித்திருக்கிறான். துருத் தண்ணீரை வடிக்க என்று மைக்கேல்ராஜ் சொல்லியிருந்தான். அதைத் தளர்த்தினான். தெளிந்த நீர் போல ஒன்று விரலில் வழிந்தது. முகர்ந்து பார்க்கவே தேவைப்படவில்லை. சாராய வாடை சாலைவரை அடித்தது.

ராயப்பன் போல்ட்டை முழுதாகக் கழற்றினான். சாராயம் மண்ணில் குழி பறித்துக்கொண்டு ஓடியது. அவன் அதையே பார்த்துக்கொண்டு குந்தியிருந்தான். வடிந்து முடிய வெகுநேரமானது.

டீக்கடை ராமப்பன் கையில் கிளாஸோடு ஓடிவந்தான். "யாக்கே சாமி, ஏன் மண்ணுல ஊத்தறீங்க? மைக்கேலுக்கும் உங்களுக்கும் ஏதாச்சும் தகராறா?"

"மைக்கேல உனக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன? வாரா வாரம் உங்க வண்டியிலதான போவுது. இந்த ரோட்டுல எல்லாருக்கும் தெரியும்." ராமப்பன் அவன் முகத்தைப் பார்த்துவிட்டுக் கிளாஸைத் தாழ்த்தினான். "உங்களுக்குத் தெரியாதா?"

ராயப்பன் போல்ட்டையும் டேப்பையும் திரும்ப மாட்டினான். பெங்களூர்ப் பட்டறைக்காரன் வலது பாதியை மறக்காமல் நிரப்பி, இடது பாதிக்குப் பெட்ரோல் ஊற்ற மறந்த நாட்களில்தான் வண்டி நின்றிருக்கிறது. மற்ற நாட்களில் நிற்காமல் போயிருக்கிறது. அவ்வளவுதான் விஷயம். அந்த வழியாக வந்த ஒரு ஜீப்காரர் ஒரு பாட்டில் பெட்ரோல் கொடுத்தார். சாவடியில் வழக்கம்போல மூங்கில் மேலே போனது. தடுப்பைத் தூக்கியவர் சிரித்தார். எதற்குச் சிரிக்கிறார் என்று ராயப்பனுக்கு இப்போது நிச்சயமில்லை.

பட்டறையில் மைக்கேல்ராஜ் அரத்தை வைத்து எதையோ ராவிக்கொண்டிருந்தான். "வந்துட்டியா? வண்டிய அப்புடி ஓரமா விடு. டேப்பப் பார்த்துடறேன்," என்றான்.

"டேப்புல ஒண்ணும் இல்ல, மைக்கேலு. நானே பிரிச்சுப் பார்த்தேன்."

அரம் நின்றது.

"அந்தப் பக்கமும் தொறந்தியா?"

"தொறந்தேன்."

"எங்க வெச்சிருக்க?"

அந்தக் கேள்விதான் ராயப்பனை அடித்தது. ஒரு மன்னிப்பையோ, குறைந்தபட்சம் ஒரு பொய்யையோ அவன் எதிர்பார்த்து வந்திருந்தான். "மண்ணுல ஊத்திட்டேன்," என்றான்.

மைக்கேல்ராஜ் பெருமூச்சு விட்டான். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு, "உக்காரு," என்றான். ராயப்பன் உட்காரவில்லை.

"உங்கிட்டச் சொல்லியிருந்தா நீ ஒத்துக்கிட்டிருப்பியா? ஒத்துக்கிட்டாலும் சாவடியில உன் மூஞ்சியே காட்டிக் குடுத்துரும். தெரியாம இருந்ததாலதான் நீ தைரியமாப் போயி வந்த. உன்ன நான் மாட்டி விடணும்னு நெனைக்கல, ராயப்பா. உன் மூஞ்சிதான் லைசென்ஸு. அது எனக்கில்ல."

"மூணு மாசம் அந்த டேப்பக் கழட்டிக் கழட்டிக் காட்டுனியே. தக்கைய வெந்நீர்ல போட்டு, சல்லடையத் தொடச்சு... நான் பக்கத்துல உக்காந்து பார்த்துட்டிருந்தேனே."

"தக்கையும் மோசமாத்தான் இருந்துச்சு. அதுல நான் பொய் சொல்லல."

"வெங்கடம்மா எருது செத்துப்போச்சு."

"சீக்கு வந்தா மாடு சாவும். அதுக்கு நானா பொறுப்பு?"

ராயப்பன் அவனையே பார்த்தான். ஞானஸ்நானத் தொட்டியருகே தன் குழந்தையை ஏந்தி நின்ற கைகள் கிரீஸ் துணியைப் பிசைந்துகொண்டிருந்தன. அவனுக்குக் கோபம்கூடச் சரியாக வரவில்லை. தன்னைச் சிநேகிதனாகத் தேர்ந்தெடுத்ததும் இந்த முகத்தைப் பார்த்துத்தானோ என்ற ஒரு நினைப்பு வந்தது. வந்தது போகவில்லை.

வீட்டில் பவுலினா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். "மைக்கேல் அண்ணன் மேல எழுதிக் குடுத்தா உங்களையும் புடிப்பாங்க. வண்டி உங்க பேர்லதான இருக்குது," என்றாள்.

"தெரியும்."

அன்று கொண்டுவந்த மருந்தை அவன் யாருக்கும் போடவில்லை. மறுநாள் காலையில் பண்ணை டாக்டரின் மேஜையில் அந்தப் பெட்டியையும் ஒரு காகிதத்தையும் வைத்தான். டாங்கைப் பற்றி எழுதியிருந்தான். ஆவணியில் ஐஸ் கரைந்த மருந்தைத் தெரிந்தே போட்டதையும் எழுதியிருந்தான். டாக்டர் இரண்டு முறை படித்தார். "இரண்டாவதை நீ எழுதாம இருந்திருக்கலாம்," என்றார். ராயப்பன் தலையசைத்தான்.

விசாரணை தை மாதம்வரை நடந்தது. அதுவரை ஊசி போடும் வேலையிலிருந்து அவனை நிறுத்தி வைத்தார்கள். போலீஸ் பட்டறைக்குப் போனபோது பூட்டுத்தான் தொங்கியது. மைக்கேல்ராஜ் எல்லைக்கு அந்தப்புறம் போய் வேறு பட்டறை போட்டுவிட்டதாகச் சொன்னார்கள். கூட்டாளிகளுக்குள் தகராறு, அதனால்தான் ஒருத்தன் மற்றவனைக் காட்டிக்கொடுத்தான் என்று ஓசூரில் பேச்சு. கோயிலில் சிலர் ராயப்பனின் பெஞ்சில் உட்காராமல் தள்ளிப் போனார்கள்.

விசாரணை முடிந்து, கடத்தலில் குற்றமில்லை, மருந்து விஷயத்தில் எச்சரிக்கை மட்டும் என்று உத்தரவு வந்த வாரம், குந்தாரப்பள்ளி முகாமுக்கு இளைய கம்பவுண்டர் முனிவேலோடு அவனையும் அனுப்பினார்கள். ராயப்பன் நேராக வெங்கடம்மாளின் கொட்டகைக்குப் போனான். நடந்ததையெல்லாம் நின்றுகொண்டே சொன்னான். வண்டி நின்றதற்குக் காரணம் யார் என்பதைச் சொன்னான். ஐஸ் கரைந்ததைத் தெரிந்தும் மருந்தைப் போட்டது தான்தான் என்பதையும் சொன்னான்.

அவள் கேட்டுக்கொண்டாள். வலத்து எருது அவள் பின்னால் அசை போட்டுக்கொண்டிருந்தது. அது இப்போது பக்கத்து வீட்டு எருதோடு இரவல் ஜோடியாக உழுதது.

"உன்ன அவன் ஏமாத்துனான். சரி. எனக்கு ஊசி போட்டது நீதான?"

"நான்தாம்மா."

"இதுக்கும் ஊசி போடணுமா?"

"போடணும். இன்னைக்கு ஐஸ் அப்புடியே இருக்குது. வேணும்னா பெட்டியத் தொறந்து காட்டறேன்."

அவள் பெட்டியைப் பார்க்கவில்லை. எருதின் கயிற்றை அவிழ்த்துக் கையில் சுற்றிக்கொண்டாள்.

"போடட்டும். ஆனா நீ வேணாம். கூட வந்திருக்கானே, அந்தப் புள்ளைய அனுப்பு."

ராயப்பன் ஊசியை முனிவேலிடம் கொடுத்துவிட்டு வேலிக்கு வெளியே வந்தான். சாலையில் நின்றபடி, எருது ஒருமுறை துள்ளி அடங்குவதையும் அவள் அதன் கழுத்தைத் தட்டிக்கொடுப்பதையும் பார்த்துக்கொண்டிருந்தான்.