ஷாவ்-சுன் உட்கார்ந்த நாற்காலி

போன பருவத்து அறிவியல் கண்காட்சியில் லிங்-யா செய்த காற்றாலையைத் தன்னுடையது என்று சொல்லி ஷாவ்-சுன் பரிசு வாங்கிவிட்டான். அதுகூடப் போகட்டும். திருகாணி ஆலையில் லீவு கேட்டுக்கொண்டு வந்திருந்த லிங்-யாவின் அப்பா, விஷயம் தெரியாமல் அந்தத் தடியனுக்கே கைதட்டினாரே, அதை அவளால் மன்னிக்க முடியுமா? நீங்களானால் மன்னிப்பீர்களா?

இந்தப் பருவம் ஐந்தாம் வகுப்புக்குக் குழுவாக வேலை செய்யக் கற்றுத்தருகிறேன் என்று லாய் டீச்சர் கிளம்பினார். பழைய செய்தித்தாளும் டேப்பும்தான் சாமான். நாலு பேர் சேர்ந்து நாற்காலி கட்டவேண்டும், குழுத்தலைவர் அதில் உட்காரவேண்டும். விதி யாரை விட்டது? லிங்-யா, கண்ணாடி போட்ட குவான்-டிங், வாயே திறக்காத பெய்-ச்சி மூவரும் ஷாவ்-சுன் குழுவில் விழுந்தார்கள்.

"நான்தான் தலைவர். சுருட்டுடா சோடாபுட்டி! ஏய் ஊமைக்கோட்டான், உனக்குத் தனியாச் சொல்லணுமா?" என்று அவன் கால்மேல் கால் போட்டுக்கொண்டான்.

மதியச் சாப்பாடு முடிந்து, வகுப்பே மேசையில் தலைசாய்த்துத் தூங்கும் நேரம். லிங்-யா முழங்கைக்குள்ளிருந்து கிசுகிசுத்தாள்.

"ஒரு காலை மட்டும் தொளதொளன்னு சுருட்டிடலாமா?"

"முன்காலா, பின்காலா?" என்றான் குவான்-டிங்.

"பின்கால்," என்றாள் பெய்-ச்சி, கண்ணைத் திறக்காமலே. "விழுந்தா மல்லாக்க விழணும்."

ஆத்தாடி! அந்த வருஷம் அவள் பேசி யாருமே கேட்டதில்லை.

அப்புறம் அந்த மூவரும் வேலை செய்த அழகைப் பார்க்கவேண்டுமே! ஒருத்தி சுருட்ட, ஒருவன் பிடிக்க, இன்னொருத்தி டேப் ஒட்ட, ஒரு சண்டை இல்லை, சச்சரவு இல்லை. தொளதொளப்பு வெளியே தெரியாதபடி அந்தப் பின்காலுக்கு மட்டும் கூடுதலாக டேப் சுற்றி அழகு பார்த்தார்கள். "இவங்களைப் பாருங்க, என்ன ஒத்துமை!" என்று லாய் டீச்சர் உருகிப்போனார்.

ஷாவ்-சுன் நாற்காலி முன்னால் வந்து நின்றபோது லிங்-யா அவனைத் தடுக்க ஓரடி எடுத்துவைத்தாள். எல்லார் எதிரிலும் அவமானப்படுவது எப்படியிருக்கும் என்று அவளுக்குத் தெரியாதா?

"யாருப்பா கட்டினது?" என்று டீச்சர் கேட்டார்.

நாங்கன்னு சொல்லுடா. அந்த ஒரு வார்த்தை சொன்னால் போதும், கத்தித் தடுத்துவிடுவேன். லிங்-யா பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"எல்லாம் நானேதான் டீச்சர். இதுங்க மூணும் சும்மா வேடிக்கை பாத்துச்சுங்க."

உட்காருடா ராசா, நல்லா உட்காரு. லிங்-யா வாயை இறுக்கி மூடிக்கொண்டாள்.

உட்கார்ந்தான். பின்கால் சப்பென்று மடங்கியது. ஷாவ்-சுன் மல்லாக்க விழ, அவன் கால் இரண்டும் மேலே போயின. வகுப்பு கூரை அதிரச் சிரித்தது.

"இவங்கதான் டீச்சர்! இவங்கதான் கட்டினாங்க!" என்று அலறினான், கண்ணில் தண்ணீர் முட்ட.

"இப்பத்தானே எல்லாம் நீயேன்னு சொன்ன?" என்றார் டீச்சர். குழுவுக்கு மொத்தமாகப் பூஜ்யம் போட்டார்.

லிங்-யாவுக்கு நெஞ்சு குளிர்ந்துபோயிற்று. கிழிந்த காகிதங்களை மூவரும் குனிந்து பொறுக்கும்போது பெய்-ச்சி அவள் காதருகே வந்தாள்.

"அடுத்த தடவையும் டீச்சர்கிட்ட சொல்லி இவனையே நம்ம குழுவுக்குக் கேட்டு வாங்கிக்கலாமா?"